பறிகொடுத்தவர்கள் என்றொரு சொல்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்று மொழிபெயர்த்ததில் எந்தச் சொல் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றார். கொலை வழக்குகளில் சாட்சிகள் சொல்லும் வசவுகளையோ, பழைய பத்திரங்களில் வரும் நிலக்கணக்குச் சொற்களையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவற்றை எல்லாம் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். என்னைத் திணற வைத்த சொல் ‘ஏழை’.

அவர் சிரித்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அதற்கு ஆங்கிலம் தெரியும் என்றார். தெரியும்தான். எனக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தச் சொல்லை யோசிக்காமலே வாயில் போட்டு மாற்றிக்கொண்டிருந்தேன், குற்றாலத்தில் ஒரு பெண் அதை என் வாயிலிருந்து பிடுங்கிப் போடும் வரைக்கும்.

வெள்ளைக்காரன் ஆட்சி. நெல் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த முப்பதுகளின் நடுப்பகுதி. கிராமத்து ஜனங்கள் ஏன் இவ்வளவு வறுமையில் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஒரு குழு வந்தது. திருநெல்வேலி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த என்னை அந்தக் குழுவுக்குக் கடனாக அனுப்பினார்கள். எனக்கு ஆய்க்குடி, தென்காசிப் பக்கத்துப் பேச்சு தெரியும் என்பதுதான் காரணம்.

கிராமங்களைப் பற்றிய விசாரணையைக் கிராமத்தில் நடத்தியிருக்கலாம். குழுவின் தலைவராக வந்த துரைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதால் குற்றாலத்தில் நடத்தினார்கள். சாரல் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் பெரிய நிலச்சுவான்தாரான ஒரு மிராசுதார் அருவிக்குப் போகும் வழியில் இருந்த தன் பங்களாவையே குழுவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். துரைக்கு வலது பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி. உள்ளூர் விவரம் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா, அதற்காம். இடது பக்கத்தில் நான் நிற்பேன், எனக்குப் பின்னால் சாட்சியத்தை எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். எதிரே சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சியில் உட்காருவார்கள்.

துரையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாட்சிகளைப் பார்த்து ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் பதில் என்ன என்று கப்பலிலேயே முடிவுசெய்துகொண்டு வந்திருந்தார். அவர் கையில் இருந்த கேள்விகளைப் பார்த்தாலே அது தெரியும். நீ ஏழையா? ஆம் என்றால் எதனால்? மழை இல்லாததாலா, பிள்ளைகள் அதிகம் என்பதாலா, கல்யாணம் காட்சிக்குச் செலவு செய்வதாலா, குடியாலா, உழைக்க மனமில்லாததாலா? இந்த ஐந்தில் ஒன்றைச் சாட்சி சொல்ல வேண்டும். விளைந்த நெல் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி அந்த வரிசையில் இல்லை.

சாட்சிகளைக் கூட்டி வந்தவர் மிராசுதாரின் காரியஸ்தர். எல்லோரும் அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள். வழியெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நீங்க ஏழையா?"

"ஆமா ஐயா, ஏழைதான்."

"எதனால?"

"மழ தண்ணி இல்ல ஐயா."

இதைச் சொன்னவர்களின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்துகொண்டிருந்தது. வெளியே சாரல் நின்றபாடில்லை. அருவிச் சத்தத்தில் துரை கேட்பது எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. நான் ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ இல்லை. மழை இல்லை என்று சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரை ஜன்னலைப் பார்த்தார், சாட்சியின் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிராசுதார் சிரித்துக்கொண்டே போன வருஷத்தைச் சொல்கிறான் என்று விளக்கினார். போன வருஷமும் நல்ல மழை. எனக்குத் தெரியும். ஆனால் சாட்சி சொல்வது என் வேலை இல்லை.

மத்தியானம் ஆகப்போகிற நேரத்தில் அச்சன்புதூர்க்காரர் ஒருவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்தது அவர் பெண்சாதி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் உலகம்மாள் என்றாள். புருஷனுக்குக் காய்ச்சல், அதனால் காரியஸ்தர் இவளைக் கூட்டி வந்துவிட்டார். பெண்பிள்ளை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்.

பெஞ்சியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அதுவே காரியஸ்தருக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் மிராசுதாருக்கு எதிரே உட்காரத் தயங்கி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஏழையா?" என்று கேட்டேன்.

"ஏழைன்னு யாரு சொன்னா?" என்றாள்.

கேள்விக்குக் கேள்வி வந்தால் அதையும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். துரை முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார். சாட்சி ஏழை இல்லை என்கிறாளா என்று கேட்டார்.

"எங்க வயலு ரெண்டு பூவு வெளையுது ஐயா. காரும் வெளையுது, பிசானமும் வெளையுது. தண்ணி மேக்கரை மலையில இருந்து தானா எறங்கி வருது. நானும் எங்க வீட்டுக்காரரும் விடிய வயல்ல எறங்குனா பொழுது சாயத்தான் கரையேறுதோம். இதுல எது ஏழை? மண்ணு ஏழையா, தண்ணி ஏழையா, நாங்க ஏழையா?"

அப்படியானால் வீட்டில் நெல்லுச்சோறு இருக்கிறதா என்று துரை கேட்டார்.

"தீவாளிக்கும் பொங்கலுக்கும் உண்டு. மத்த நாளு சோளக்கஞ்சி. அது நாங்க ஏழைங்கதால இல்ல. நாங்க பறிகொடுத்தவுக. அப்படி எழுதிக்கிடுங்க."

நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறக்கும் முன் மிராசுதார் முந்திக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வரும். பறிகொடுத்தோம் என்பது துக்கத்தைச் சொல்லும் சொல், பிள்ளை செத்துப்போனால் தாய் சொல்வது, இவர்கள் நிறைய நஷ்டப்பட்டவர்கள் என்று சொல்கிறாள், விதியை நொந்துகொள்கிறாள், அவ்வளவுதான் என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். மகனைப் பறிகொடுத்தாள் என்று நாம் எல்லோரும்தான் சொல்கிறோம். திருடனிடம் நகையைப் பறிகொடுத்தாள் என்றும் சொல்கிறோம். தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் இழந்தவர் என்பதற்கு ஒரு சொல், கொள்ளை போனவர் என்பதற்கு வேறு சொல். நான் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். துரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இழந்தவர் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பெண்ணுக்கும்கூட ஆபத்தில்லாமல் போய்விடும். கொள்ளை போனவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். யார் கொள்ளையிட்டது என்று கேட்பார்கள். அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும், அவள் உழுகிற நிலத்துக்குச் சொந்தக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அவளைக் காப்பாற்ற நினைத்தால் நான் அவளை ஏழையாக்க வேண்டும். அவள் சொன்னதைச் சொன்னால் நிலத்திலிருந்தே அவளை இறக்கிவிடுவார்கள். இதை எல்லாம் யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்.

நான் தீர்மானிக்கவில்லை. தீர்மானிப்பது என் உரிமை இல்லை என்று அந்த ஒரு மூச்சில் எனக்குப் பட்டது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, அனுமதி கொடுத்தால் இரண்டையும் சாட்சியிடம் சொல்லி எதைச் சொன்னாள் என்று கேட்கிறேன் என்று துரையிடம் சொன்னேன். மிராசுதார் அது தேவையில்லை என்றார். துரை, கேள் என்றார்.

"அம்மா, நீங்க சொன்ன சொல்ல ரெண்டு விதமா எடுத்துக்கிடலாம். விதிப்படி கையவிட்டுப் போயிட்டுதுன்னும் எடுக்கலாம். இன்னொருத்தர் எடுத்துக்கிட்டாகன்னும் எடுக்கலாம். எதச் சொன்னாலும் அப்படியே எழுதுவாக. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல் என்று நான் சொன்னதையும் துரைக்கு மொழிபெயர்த்துவிட்டேன். சாட்சியிடம் நாம் பேசுவதில் ஒரு சொல்கூட மறைவாக இருக்கக் கூடாது. ஆனால் அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். விதி என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அவள் ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். மிராசுதாரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு புள்ள அம்மை போட்டுச் செத்துச்சு. அது விதி. பறிகொடுத்தேன்னு நானும் சொல்லியிருக்கேன். நெல்லு அப்படிப் போகல ஐயா. களத்துல நாங்க குமிச்சு வைக்கோம். மூடை கட்டி வண்டியில ஏத்துதாக. நான் பாத்துக்கிட்டு நிக்கேன். விதியா வண்டி பூட்டிக்கிட்டு வரும்?"

நான் கொள்ளையைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். வண்டியையும் சொன்னேன். நான் நினைத்தபடியே துரை கேட்டார், யாருடைய வண்டி?

"மொத வண்டி ஒங்க தீர்வைக்குன்னு சொல்லி ஏத்துதாக. பொறவு இவுக பங்கு. பொறவு இவுக குடுத்த வெதநெல்லுக்கு ரெட்டிப்பு. அம்புட்டும் செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்கும், ரயிலேறி வேற சீமைக்கும் போகுது. களத்தக் கூட்டி அள்ளுதது எங்களுக்கு. அதுல பாதி மண்ணு."

முதலில் உங்களுக்கு, பிறகு இந்தக் கனவானுக்கு என்று மொழிபெயர்த்தேன். எழுத்தரின் பேனா நின்றது. துரை காது வரைக்கும் சிவந்துபோனார். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

வராந்தாவில் மிராசுதார் என் தோளில் கை போட்டார்.

"தம்பிக்கு ஆய்க்குடிதான? ஒங்கப்பா நம்ம மச்சினன் நெலத்துலதான இருக்காரு?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்ல மனுசன். இந்த வயசுல அவருக்குச் சங்கடம் வரக்கூடாது. அந்தப் பொம்பள என்னமோ ஒளறிட்டுப் போறா. ஒரு சொல்லுதான தம்பி. மாத்திப் போட்டா என்ன கொறஞ்சிரப் போகுது?"

"அது என் சொல்லா இருந்தா மாத்திரலாம் அண்ணாச்சி. அது அந்தம்மா சொல்லு."

கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் தமிழில் பேசவில்லை.

சாப்பாடு முடிந்து துரை என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். சாட்சியத்தின் கீழே, கேட்டதைச் சரியாக மொழிபெயர்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் இருந்த பிரதியில் ‘இழந்தவர்கள்’ என்று மாற்றி எழுதியிருந்தது. வண்டிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. இதில் என் கையெழுத்து வராது என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நீ படித்தவன், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவன், உன் தேசம் ஏழைத் தேசம் இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா என்றார். எலும்பும் தோலுமாக இத்தனை பேரைக் காலையிலிருந்து பார்த்தோமே என்றார்.

அவருடைய தட்டு இன்னும் மேசையில் இருந்தது. நான் சொன்னேன்: "நீங்கள் சாப்பிட்ட அரிசி அச்சன்புதூர் வயலில் விளைந்தது. மாம்பழமும் தேனும் மிளகும் இந்த மலையடிவாரத்துச் சரக்கு. ஒன்றுகூட வெளியூரிலிருந்து வரவில்லை. இதை விளைவித்தவர்கள் காலையிலிருந்து பசியோடு உங்கள் வாசலில் நனைகிறார்கள். அதற்கு உங்கள் மொழியில் என்ன சொல் பொருந்தும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏழை என்ற சொல் பொருந்தாது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

இருபத்தெட்டு வயதில் பேசிய பேச்சு. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைத் திரும்ப வாங்க மாட்டேன்.

துரை தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் சொன்னபடியே திருத்தி எழுதச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பிற்பாடு அச்சாகி வந்த அறிக்கையில் அவளுடைய சாட்சியம் முழுக்கக் காணோம். மழையின்மை இருந்தது. கல்யாணச் செலவு இருந்தது. சோம்பல் இருந்தது. அறிக்கை வருவதற்கு முன்பே எனக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஆள்கிறவர்கள் நம்மவர்கள். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறீர்கள். ஏழை நாடு, பின்தங்கிய நாடு, வளரும் நாடு என்று சொல் மாறிக்கொண்டே போகிறது. எல்லாமே செய்தவன் பெயர் இல்லாத சொற்கள். மழை பெய்தது போல வறுமை பெய்துவிட்டது என்று நினைக்க வைக்கும் சொற்கள். நம் ஜனங்களும் கேட்டுக் கேட்டு அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னால் அதை அப்படியே மொழிபெயருங்கள், நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். ஆனால் ஒருவர் வேறு சொல் சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பழகிய சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் நாற்காலியில் இருப்பவரைப் பார்க்காதீர்கள். சொன்னவரிடம் திரும்பிக் கேளுங்கள்.

கேட்டதனால் என்ன ஆகும் என்பதற்கும் நீங்கள் பொறுப்பு. அதிலிருந்து தப்ப முடியாது. நானும் தப்பவில்லை.

மாற்றல் உத்தரவு கையில் வந்த அன்று தென்காசிச் சந்தையில் கேள்விப்பட்டேன், அச்சன்புதூரில் உலகம்மாளை நிலத்தை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள் என்று. என் அப்பாவையும் நிலத்தை விட்டு இறங்கச் சொல்லி அதே வாரம்தான் ஆள் வந்திருந்தது. அவர், "அவன் நெலத்த அவனே கட்டிக்கிட்டு அழட்டும்லே, எனக்கு மம்பட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு நிலம் பார்க்கப் போய்விட்டார். உலகம்மாளுக்கு வேறு நிலம் யார் கொடுப்பார்கள்? ராமநாதபுரத்துக்குக் கிளம்புவதற்கு முன் நேராக அச்சன்புதூருக்குப் போனேன்.

வயல்வெளியில் கார் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நடுவில் அவள். என்னை அடையாளம் தெரிந்து, கையில் நாற்று முடியோடு வரப்புக்கு வந்தாள்.

"நெலத்த விட்டு எறக்கிட்டாகன்னு சொன்னாங்களே அம்மா."

"எறக்கத்தான் செஞ்சாக. வேற ஆளுக்குக் குத்தகையும் பேசிட்டாக. நடுகதுக்கு ஆளு வேணும்லா? ஊருல ஒருத்தி எறங்கல. எங்க வயல்ல மட்டுமில்ல, பெரிய வீட்டு வயலு ஒண்ணுலயும் எறங்கல. வெளியூருல இருந்து ஆளு கூட்டியாந்தாக. அவளுகளும் கரையில நின்னு விசயத்தக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாளுக. நாத்து முத்திக்கிட்டே வருது. எத்தன நாளைக்குப் பாப்பாக? காரியஸ்தரே வந்து, ஒன் வயல்ல நீயே எறங்குன்னு சொல்லிட்டாரு."

"பங்கு?"

"பங்கு பழைய பங்குதான்." தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வரிசையைப் பார்த்தாள். "வெதநெல்லுக்கு ரெட்டிப்பு இனிமேக் கெடையாதுன்னு சொல்லிட்டோம். சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. களத்துல பாத்துக்கிடுவோம்."

நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்ல நினைத்திருந்தேன். அவள் முன்னால் அது அபத்தமாகப் பட்டது. அவள்தான் பேசினாள்.

"நான் சொன்னத அந்தத் தொரைகிட்ட அப்படியே சொன்னீகளா ஐயா? நீங்க பேசுனது எங்களுக்கு வெளங்கல பாத்துக்கிடுங்க."

"அப்படியே சொன்னேன் அம்மா. ஒரு சொல் மாறல."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்பம் அவருக்கு வெளங்கிட்டுது" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.